ஊசிக்குப் பாடு மாத்தினவன்

ஏரி முகத்துவாரத்தில் நிற்பது தன் புருஷன் ராஜவேலுவின் இறால் வலைதான் என்று தெரிந்ததும் ஜெயம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசி போட்டுக்கொள்ள வராத அவனைத் தேடிப் படகில் வந்தவள் அவள். இன்றைக்கு அங்கே வலை போடும் முறை, அதாவது பாடு, அவள் தம்பி சின்னதம்பிக்கு அல்லவா விழுந்திருந்தது?

“இன்னாயா, அவன் பாட்டுல உனுக்கு இன்னா வேலை?”

“மாத்திக்கினோம்டி! எறா கொட்டுது பாரு! அவன் பாடு எனக்கு, என் ஊசி அவனுக்கு. நீல மூடிதான் நெஜ மருந்தாம், செவப்பு வெறும் தண்ணியாம்.”

அடப்பாவி!

பசியாவரம் பள்ளிக்கூடத்தில் இன்று காலராவுக்கு இரண்டாவது ஊசி. ஆராய்ச்சி ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி. எது எதுவென்று குத்துகிற டாக்டரம்மாவுக்கே தெரியாது. பாடு பிரிப்பதுபோலவே சீட்டுக் குலுக்கி நீலம், சிவப்பு என்று பிரித்ததால்தான் ஊரே சம்மதித்தது. பாடு என்றால் மாத்திக்கலாமே என்று இந்த இரண்டு மேதாவிகளும் முடிவு கட்டிவிட்டார்கள்!

போன மழைக்கு வாந்திபேதியில் மகளைப் பறிகொடுத்தவள் ஜெயம்மா. இந்த ஊசி தடுக்குமா, தடுக்காதா? அவளுக்கு நிஜமான பதில் வேண்டும். ஆள் மாறினால் பதிலும் பொய்.

கழியை ஊன்றி ஒரு தள்ளு. படகு பறந்தது. சேற்றில் தட்டியதும் குதித்தாள். முழங்கால் தண்ணீரில் ஓடினாள்.

“ராஜவேலு!” பள்ளிக்கூடத்துக்குள் டாக்டரம்மா கூப்பிடுவது கேட்டது.

“நான்தாங்க” என்று உட்கார்ந்தான் சின்னதம்பி. ஊசி அவன் தோளை நெருங்கியது.

“நிறுத்துங்கம்மா! அவன் ராஜவேலு இல்ல, என் தம்பி! செவப்பு!”

ஊசி அந்தரத்தில் நின்றது.

சின்னதம்பி சீறினான். “எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா! தண்ணியக் குத்திக்கினு சாவச் சொல்றியா?”

“நீலம்தான் மருந்துன்னு எவன்டா சொன்னான்?”

“போன ஊசிக்கு மாமாவுக்குக் கை வீங்குச்சே!”

“நீ மட்டும்? கைய தூக்க முடியலன்னு ஊரக் கூட்டுனியே!”

வரிசையில் சிரிப்பு வெடித்தது. ஜெயம்மா சிரிக்கவில்லை.

“மாத்திக் குத்திக்கினா எது காப்பாத்துச்சுன்னு எவனுக்குடா தெரியும்? நாளைக்கு உன் புள்ளைங்களுக்கு எதைக் குத்துவாங்க?”

சின்னதம்பி எழுந்துபோய்ச் சிவப்பு வரிசையில் நின்றான். குத்தி முடிந்த மறு நொடி, பஞ்சைத் தோளில் அழுத்தியபடியே படகுக்குப் பாய்ந்தான்.

“ஏறுக்கா! அந்த ஆள நீ ஊசிக்கு இட்டுனு வா. எறாவ நான் பாத்துக்கறேன்!”

பாதி ஏரி தாண்டும் முன்பே அவன் கத்தல் எட்டூருக்குக் கேட்டது. “யோவ் மாமா! வலையத் தூக்கு! அது என் பாடு!”