நடுக்கோடு

விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பு, நகக்கண்ணில் பழுப்பு, புறங்கையால் மூக்கைச் சொறிந்ததில் மூக்கிலும் பழுப்பு, முற்றிப்போன வெல்லப்பாகு மாதிரி ரைபிள் முழுக்க இறுகிக் கிடக்கிற கிரீஸை உலகம்மை கட்டைவிரலால் வழித்து வழித்துப் பழைய செய்தித்தாளில் தேய்க்கிறாள், தீர்ந்தபாடில்லை, ஆயுதப்படைக் கிடங்கின் முற்றத்தில் அண்டாவில் வெந்நீர் கொதிக்கிறது, மண்ணெண்ணெய் வாடை தலைக்கேறுகிறது, வெள்ளம் வந்த வருஷத்துக் கோடையில் கிரீஸைப் பூசி, தாள் சுற்றி, பெட்டிக்குள் வைத்து ஆணியடித்த ரைபிள்கள் இவை, வீரவணக்க நாளில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்காக இப்போது வெளிச்சம் பார்க்கின்றன, நாளைக் காலை சுடும் அணியில் உலகம்மையும் நிற்கப் போகிறாள், பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்களை வாசிக்கும்போது சங்கரபாண்டியன் என்று ஒரு பெயர் வரும், அது அவளுடைய அப்பா, அந்தப் பெயருக்குப் பின்னால் வெடிக்கிற வேட்டில் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு இந்த வருஷம்தான் கிடைத்திருக்கிறது. கிடங்கைக் கவனிக்கும் ஏட்டு ஞானதுரை அண்டாவுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்கிறார், சொட்டு மிச்சம் வச்சிராத பிள்ள, நாளைக்கு நம்ம ஆயுதப்படை இன்ஸ்பெக்டரு ஆர்.ஐ. குழலுக்குள்ள வெள்ளத்துணிய விட்டு இழுத்துப் பாப்பாரு, கற பட்டுச்சுன்னா அணியில உன் பேரு இருக்காது, வெந்நிய ஊத்து, குழலு சூடாயிட்டுன்னா எல்லாம் தன்னால உருகி ஓடிரும். சரி ஏட்டையா என்றவள் வெந்நீர் ஊற்றுவதற்கு முன்னால் குழலின் மேல்கட்டையைக் கழற்றினாள், கழற்றியவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கட்டை மூடியிருந்த இடத்தில், காற்றும் கையும் படாத கிரீஸின் மேல், மூன்று விரல்கள் குழலை வளைத்துப் பிடித்து இழுத்த தடம், இந்தப் பக்கம் ஆழமாக ஒரு கோடு, அந்தப் பக்கம் ஆழமாக ஒரு கோடு, நடுவில் பட்டும் படாமலும் ஒன்று, அதை எங்கே பார்த்திருக்கிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை, நெற்றிதான் முதலில் குளிர்ந்தது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, ஈரத்தலையோடு நிற்கிறாள், அப்பா விபூதியை நீரில் குழைத்து மூன்று விரலால் அவள் நெற்றியில் இழுக்கிறார், இதே கிடங்கில் வேலை பார்த்தபோது பெட்டி மூடி விழுந்து நடுவிரலின் நுனி போய்விட்டது அவருக்கு, அதனால் நடுக்கோடு எப்போதும் பட்டும் படாமலும்தான் விழும், வகுப்பில் அவளுக்கு ரெண்டரைக்கோடு என்று பட்டப்பெயர், இங்க வா நான் ஒழுங்கா போட்டு விடுதேன் என்று அம்மா கூப்பிடுகிறாள், அப்பா சிரிக்கிறார், தெரியாட்டி என்ன, அது அங்கதான் இருக்கு. அந்த ஐப்பசியில் தாமிரபரணி கரையேறி வந்தது, கிடங்கில் இருந்தவர்களையும் வெள்ளத்துக்கு அனுப்பினார்கள், குறுக்குத்துறைப் பக்கம் ஒரு குடும்பத்தைக் கயிறு கட்டிக் கரைசேர்த்துவிட்டு அப்பா தண்ணீரோடு போனார், தொப்பி மட்டும் திரும்பி வந்தது, அதை வைத்துத்தான் காரியம் செய்தார்கள், தொட்டு அழ ஓர் உடம்பு இல்லாத சாவு அது, அப்படிப் போனவரின் கை இதோ இந்த இரும்பின் மேல், நேற்று இழுத்தது போல ஈரமாக மினுங்கிக்கொண்டு கிடக்கிறது, அவளுக்கு அழுகை வரவில்லை, கோயில் நடை திறந்ததும் வார்த்தை வராமல் நிற்போமே, அந்த மாதிரி இருந்தது.

குழலுக்குள் வெந்நீரை ஊற்றினால் குழல் சூடாகும், குழல் சூடானால் தடம் உருகிவிடும், உலகம்மை ரைபிளைத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்கு நகர்ந்தாள், வெந்நிய ஊத்தலியா என்றார் ஏட்டையா, வேண்டாம் ஏட்டையா, துணியே போதும், கிறுக்குப் பிள்ள, வெறுந் துணியில அது லேசுல வராது பாத்துக்க. வரத்தான் இல்லை, கம்பியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்து உள்ளே விட்டு இழுக்கிறாள், இழுக்கிறாள், ஒவ்வொரு துணியும் கருப்பட்டி நிறத்தில் வெளியே வருகிறது, விரல் தோல் வெந்து உரிகிறது, அணியின் மற்றவர்கள் தங்கள் ரைபிள்களை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள், தடத்தைக் காப்பாற்றினால் அணி போய்விடுமோ, அணியைக் காப்பாற்றினால் தடம் போய்விடுமோ என்று நினைத்தபடியே அடுத்த துணியைச் சுற்றுகிறாள், வெயில் இறங்குகிற நேரத்தில் ஒரு துணி ஏறக்குறைய வெள்ளையாக வந்தது, தடத்தின் மேல் விரல் படாமல் மேல்கட்டையைப் பூட்டினாள்.

காலையில் ஆர்.ஐ. அவளுடைய ரைபிளுக்குள் துணியை விட்டு இழுத்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார், வெள்ளை, பிறகு விரலை மடக்கி மேல்கட்டையில் தட்டினார், இதத் தெறந்து பாத்தியாம்மா, பாத்தேன் சார், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, ஆர்.ஐ. அவளுடைய வெந்த விரல்களைப் பார்த்தார், அடுத்தவரிடம் போனார். பெயர்களை வாசிக்கிறார்கள், வெயில் ஏறுகிறது, இரும்பு கொதிக்கிறது, சங்கரபாண்டியன் என்கிறது ஒலிபெருக்கி, வாசித்து முடிந்ததும் ஆணை வருகிறது, சுடுகிறாள், புறாக்கள் எழும்புகின்றன, மறுபடி சுடுகிறாள், மறுபடியும், குழலைத் தாங்கிய இடது கையில் என்னவோ வெதுவெதுப்பாக ஊர்கிறது, குனிந்து பார்க்கக் கூடாது, ஆனாலும் தெரிந்துவிட்டது, எது ஆகக் கூடாது என்று நேற்றெல்லாம் வெந்நீருக்குப் பயந்து ஒதுங்கினாளோ, அதை அவள் சுட்ட வேட்டே செய்துவிட்டது, கட்டையின் விளிம்பு வழியாகத் தடம் உருகி வருகிறது, ஐயோ போச்சே என்று நெஞ்சு பதறியது, பதறிய நெஞ்சு அடுத்த மூச்சில் அடங்கியது, போகவில்லை, இத்தனை வருஷம் இருட்டில் காத்துக் கிடந்தது இப்போது அவள் உள்ளங்கைக்கு வருகிறது, கைச்சூட்டோடு வருகிறது. அணி கலைந்ததும் ஏட்டையா கந்தைத் துணியை நீட்டினார், சொன்னேன்லா, வெந்நிய ஊத்திருந்தா இப்படி ஒழுகாது, தொடச்சுக்க பிள்ள. உலகம்மை கையை விரித்துப் பார்த்தாள், விரல் இடுக்கெல்லாம் பழுப்பு, நகக்கண்ணில் பழுப்பு, கோடு என்று எதுவும் தெரியவில்லை. இருக்கட்டும் ஏட்டையா என்று கையை மூடிக்கொண்டாள்.