துரு குடித்த காற்று

ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவளுக்குச் செய்தி வந்தது. பழைய இரும்புத் தொட்டிக்குள் இறங்கிய வெல்டர், அவள் கணவன், கூப்பிட்டால் பதில் இல்லையாம்.

ஓடினாள். மாதக்கணக்கில் இறுக மூடிக் கிடந்த தொட்டி. வெறும் தண்ணித் தொட்டிதானே, அமிலமா எண்ணெயா என்று காலையில்தான் சிரித்துவிட்டுப் போயிருந்தான். மேலே ஏறி டார்ச் அடித்தாள். ஏணியடியில் சுருண்டு கிடந்தான். சுவரெல்லாம் செங்கல் பொடியை அப்பினாற்போல் துரு.

அந்த நிறம் கண்ணில் பட்டதும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அதற்குள் அவள் கொழுந்தன், சுருட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிறவன், ஒரு காலைத் திறப்புக்குள் விட்டிருந்தான். அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணி, அண்ணன் செத்துடுவாரு."

"இறங்கினா நீயும் விழுவே. உள்ளே ஆக்சிஜன் இல்ல."

விஷவாயு எதுவும் கிடையாதே என்று திமிறினான்.

"விஷமே வேண்டாம். துருப்பிடிக்கிறதுன்னா இரும்பு எலக்ட்ரானை இழக்குதுன்னு அர்த்தம். அதை வாங்கிக்கிறது காத்துல இருக்கிற ஆக்சிஜன். வாங்கிட்டு அதுவும் துருவோட துருவா சுவத்துல உட்கார்ந்துடுச்சு. மூச்சு விட மிச்சம் இல்ல."

அவன் கேட்கிற நிலையில் இல்லை. அவளும் பிடியை விடவில்லை. பிடித்தபடியே, பெயின்ட் பிரிவிலிருந்து ஊதுவிசிறியைக் கொண்டுவரச் சொன்னாள். தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னாள். தடித்த குழாய் உள்ளே இறங்கியது, விசிறி இரைந்து வெளிக்காற்றை உள்ளே தள்ளியது. கீழே எந்த அசைவும் இல்லை. கட்டினவன் கண்ணெதிரே கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலத்தான் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருத்தர் அவள் காதுபடவே முணுமுணுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு இருமல் கேட்டது.

சுருட்டை மறுபடி பாய்ந்தான். அப்போதும் அவள் விடவில்லை. முதுகில் காற்று சிலிண்டரும் முகமூடியுமாகத் தீயணைப்புக்காரர்கள் இறங்கி, கயிறு கட்டித் தூக்கினார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் மூச்சு இருந்தது.

பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவள் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தாள். சுருட்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். காலர் கிழிந்து தொங்கியது.

"அண்ணன் எழுந்திருக்காம போயிருந்தா, ஜென்மத்துக்கும் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன்," என்றான்.

"தெரியும்," என்றாள் அவள்.