மல்லாட்டையார் போக்குவரத்துக் கழகம்

அன்று காலை இன்னாசிராஜ் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, கணினித் திரையில் ஒரு மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், இடுப்பை ஒரு நூல் அளவு ஒடுக்கியதுதான். எப்படி இருக்கிறது என்று மனைவியைக் கேட்டார். அமலோற்பவமேரி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, நேற்றும் இப்படித்தான் இருந்தது என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் நெஞ்சுவலி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அது 2012, ஜூலை.

அந்த மல்லாட்டைக்கு அப்போது வயது பத்தொன்பது. 1993இல் இருவரும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார்கள். கல்யாணம் இருக்கட்டும், பேச்சே தொடங்கவில்லை. அறுவடைக் காலத்தில் மல்லாட்டை மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றி முடிக்கும்வரை வண்டி நகராது. ஒருநாள் பின் இருக்கையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கைமாறி அவளிடம் வந்தது. அதில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் கிரீடம் வைத்த மல்லாட்டை, கீழே நான்கு சக்கரம், சுற்றிலும் 'மாமன்னர் மல்லாட்டையார் போக்குவரத்துக் கழகம்'. அந்நாளில் அரசு பஸ் கழகங்களுக்குத் தலைவர்கள், மன்னர்கள் பெயர்தான். வண்டி யாருக்காகக் காத்து நிற்கிறதோ அவர் பெயரை வைத்தேன் என்று பிறகு விளக்கம் சொன்னார்.

1997இல் அரசு அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரும் அடைப்புக்குறிக்குள் ஊருமாக மாற்றியது. இன்னாசிராஜும் மாற்றினார்: 'தமிழ்நாடு மல்லாட்டைப் போக்குவரத்துக் கழகம் (திண்டிவனம்)'. கிரீடத்தை ரப்பரால் அழித்தபோது, பதவி போன மனிதரை வழியனுப்புகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். 2002இல், பஸ் படங்களும் வழித்தடங்களும் போட, அதே பெயரில் வலைத்தளம் தொடங்கினார். பிரவுசிங் சென்டரில் மௌஸால் வரைந்த மல்லாட்டை கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது. மூன்று வருஷம் கரப்பான்பூச்சியாகவே ஓடியது. செஞ்சியில் மளிகைக்கடை வைத்திருந்த பத்மராஜ், தளத்துக்குப் படம் அனுப்பிப் பழகி அதை நடத்தவும் கைகொடுத்தவர், பொறுக்கமாட்டாமல் ஒழுங்காக வரைந்து கொடுத்தார். அதற்குப் பிறகும் இன்னாசிராஜ் அதில் கைவைக்காத வாரம் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து அவள் தளத்தைத் திறந்தாள். மல்லாட்டையைக் காணோம். வட்டத்துக்குள் அடையாள அட்டைப் படத்து இன்னாசிராஜ் விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் 'இன்னாசிராஜ் போக்குவரத்துக் கழகம்'. அவரை மண்ணுக்குள் இறக்கியபோதுகூட அவளுக்கு இத்தனை தூரமாகத் தெரிந்ததில்லை.

பத்மராஜுக்குப் போன் செய்தாள். தளத்துக்குப் படம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசித்தான் மாற்றினோம் என்று அவர் பெருமையும் துக்கமுமாகச் சொன்னார்.

"பெரிய மனுசங்க போயிட்டா பேரு வெக்கிறதுதானே அண்ணி நம்ம வழக்கம்?"

"அவரு பெரிய மனுசர் இல்ல தம்பி. எடுத்துடுங்க."

"மல்லாட்டையப் போட்டுக்கினு இருந்தா, துக்க வூட்டுல சிரிக்கிறாப்பல இருக்கும் அண்ணி."

"சிரிக்கட்டும். நான் சிரிக்கணும்னுதான் அவரு அத வரைஞ்சாரு."

 பத்மராஜ் தயங்கித் தயங்கி, பழைய படத்தின் மேலேயே புதியதை ஏற்றிவிட்டதாகவும், வேறு எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக் கணினியில் துழாவியும் அவளுக்கு அது கிடைக்கவில்லை. மூன்று நாள் அவள் விடிந்ததும் தளத்தைத் திறந்து பார்த்தாள். அதே விறைப்பு முகம். யாருமற்ற வீட்டில் அதனிடம் ஒரு வார்த்தை பேச வரவில்லை. நான்காம் நாள், பத்மராஜ் யாரோ ஒரு வாசகரிடமிருந்து வாங்கிப் போட்டிருந்த மல்லாட்டை, நான்கு சக்கரத்தோடு வந்து நின்றது. அவள் முகவாயில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்பு வந்தது. அதை முடிக்கத்தான் முடியவில்லை.

தளத்தை இப்போது பத்மராஜ்தான் பார்த்துக்கொள்கிறார். புதிய பஸ்கள், புதிய தடங்கள் சேர்ந்திருக்கின்றன. பக்கத்தின் அடியில் மட்டும் இன்னாசிராஜ் எழுதியது அப்படியே இருக்கிறது: அலுவலக நேரம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு.