தணிகாசலம் வீட்டு டேங்க் வாக்கப்பட்டுப் போன கதை

“மொட்டைமாடித் தண்ணியக் கொண்டாந்து என் வாயில ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நீ செப்டிக் டேங்க். தண்ணி வாங்கறதுதான் உன் வேலை.”

“அதுக்கு ஒரு அளவு வேணாமா அண்ணே?”

சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. மழைக்காலத்தில் எங்கள் நகரில் செப்டிக் டேங்குகள் பேசுவது வழக்கம்தான். ஆனால் வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது தணிகாசலம் வீட்டு டேங்க் மட்டும்தான். அடுத்தவர் சண்டையைக் கேட்கக்கூடாது. அதனால் நாங்கள் குடையோடு காம்பவுண்டுக்கு வெளியேதான் நின்றோம்.

தணிகாசலம் தன் காரை டேங்க்கின் தலைமேல்தான் நிறுத்துவார். மற்ற இடமெல்லாம் சேறு, டயர் அழுக்காகிவிடும். மொட்டைமாடி பைப்பையும் டேங்க்குக்குள்ளேயே விட்டிருந்தார். தெருவில் விட்டால் தன் பங்கு மழை எதிர்வீட்டுக்குப் போய்விடுமே.

அவர் உள்ளே போனதும் அவர் மனைவி வேதவல்லி மூடியருகே வந்து குந்தினாள்.

“என்னம்மா பண்ணுது?”

“மூச்சு முட்டுது அண்ணி. சுத்தி மண்ணெல்லாம் ஊறிக் கெடக்கு. வாங்கறத நான் எங்க விடுவேன்?”

“நான் என்ன செய்யட்டும்?”

“பைப்பத் திருப்புங்க. காரை எறக்கச் சொல்லுங்க. மழை விடற வரைக்கும் துணி துவைக்காதீங்க. இல்லைன்னா நான் கெளம்பிடுவேன்.”

வேதவல்லி துவைப்பதை நிறுத்தினாள். அழுக்குத் துணிகள் வரிசையாக சோபாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்தன. அவள் பைப்பை வெளியே திருப்பினாள். அவர் உள்ளே திருப்பினார். காரை அவர் இறக்கவில்லை.

டேங்க் கிளம்பிவிடுமோ என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம். அந்த வீட்டில் “அண்ணி, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிற ஒரே ஜீவன் அந்த டேங்க். அவள் சாப்பிட்டது அதற்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் கேட்கும்.

மறுநாள் தணிகாசலம் கழிவுநீர் லாரியை வரவழைத்தார்.

“ஒரே உறிஞ்சு. பேச்சு நின்னுடும்” என்றார்.

“அண்ணே, இந்த ஈரத்துல என்னைக் காலி பண்ணாதீங்க. உள்ள கனம் இருந்தாத்தான் நான் இங்க இருப்பேன். இல்லைன்னா மெதந்துடுவேன்.”

“மெரட்டறியா?”

“எல்லா டேங்கும் இப்படித்தான் சொல்லும் சார்” என்றான் லாரிக்காரன். குழாயை விட்டான்.

“வேணாங்க, அது சொன்னா செய்யும்” என்றாள் வேதவல்லி.

“உனக்கு என்ன தெரியும்?” என்றார் தணிகாசலம். அவர் அவளிடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் இதைத்தான் பேசுவார்.

லாரி போனது. டேங்க் எழுந்தது. அவசரமே படவில்லை. கறிவேப்பிலைச் செடியோடும் காரோடும் எழுந்தது. வீட்டுக்குழாய் டப்பென்று விட்டுப்போனது.

“நான் உக்காந்தா எப்படிப் போகும்னு பாக்கறேன்” என்று தணிகாசலம் தாவி ஏறி காருக்குள் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டார். டேங்க் அவரையும் தூக்கிக்கொண்டது. கேட்டை நாங்கள்தான் திறந்துவிட்டோம். இடித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

வேதவல்லி ஓடிவந்து மூடியில் குங்குமம் வைத்தாள்.

“வரேன் அண்ணி. நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

தெருவெல்லாம் வெள்ளம். டேங்க் நடுத்தெருவில் மிதந்து போனது. திருப்பத்தில் தணிகாசலம் இண்டிகேட்டர் போட்டார்.

அப்புறம் கேள்விப்பட்டோம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் அது வாக்கப்பட்டிருக்கிறதாம். நல்ல இடமாம். மழைத்தண்ணியை வெளியே விடுகிறார்களாம், தலைமேல் புல் மட்டும்தானாம். காரும் தணிகாசலமும் சீரில் சேர்த்தியாம். காரை எடுத்துக்கொண்டார்கள். அவரை மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

வேதவல்லி தங்கை வீட்டு அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டாள். போன அன்றைக்கே கீழே இறங்கி, அங்கிருந்த மூடியருகே குந்தி, “உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையேம்மா?” என்று கேட்டாளாம். பதிலே இல்லையாம்.

இன்னும் பழகவில்லை, அதனால்தான் என்கிறாள். மழை வந்தால் துவைப்பதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாள்.