அக்கரைக் கடை

மலைமேல் பேரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் மாதா கோயில் சுவரை ஒட்டியே சாராயக்கடை இருந்தது. பூசை மணி அடிக்கும்போதே அங்கே அடிதடி நடக்கும். தண்ணீருக்குப் போகும் பெண்களின் சேலையைப் பிடித்து இழுப்பார்கள். இன்னாசியம்மாளின் இரண்டு பற்களை அவள் புருஷன் பங்கிராஸ் உடைத்திருந்தான். குடிக்காத நேரத்தில் தங்கமானவன் என்பார்கள். அந்த நேரத்தை யார் கண்டார்கள்?

தாசில்தார் முகாம் வந்தபோது இன்னாசியம்மாள் பெண்களைத் திரட்டிப் போய் அவர் வண்டியை மறித்தாள். பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் கூடவே நின்றாள். கடையை மூடினால் சர்க்கார் வருமானம் போகும், மூடாவிட்டால் வண்டி நகராது. மகா புத்திசாலியான தாசில்தார், கடையை ஊரை ஒட்டி ஓடும் வராக நதிக்கு அக்கரையில் வைக்கச் சொல்லிவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆற்றைக் கடந்து எவன் போய்க் குடிப்பான் என்று நினைத்தார்கள். எல்லோரும் போனார்கள். ஐப்பசியில் வராக நதியில் வெள்ளம் வந்தது. ஆரோக்கியம்மாளின் புருஷன் லூர்துநாதன் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். ஜெயமங்கலத்துக்குக் கீழே நாணலுக்குள் பிணத்தை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் பங்கிராஸ் போனான். காலைக் கட்டிக்கொண்டு அழுத இன்னாசியம்மாளை உதறிவிட்டுப் போனான். அவள் கடைக் குத்தகைக்காரர் தவசியின் வீட்டுக்கு ஓடினாள்.

"கடைய இங்கனயே கொண்டாந்துருங்கய்யா."

"தாசில்தார் வண்டிய மறிச்சுக் கடையத் தொரத்துனவ நீதான ஆத்தா?"

"நாந்தான்யா. வாசல்ல விழுந்தா இழுத்துப் போட்டுக்கிருவேன். ஆத்துல விழுந்தா எங்கன போய்த் தேடுவேன்? எங்க வீட்டுக்கு எதுத்தாப்புலயே போடுங்க. தாசில்தார் கேட்டாகன்னா நானே வந்து சொல்றேன்."

யாரும் கேட்கவில்லை. வருமானம் குறையாதவரை சர்க்காருக்கு எந்தக் கரையும் ஒன்றுதான். ஒரு வாரத்துக்குள் கடை வந்துவிட்டது.

முதல் ஆளாகக் குடித்த பங்கிராஸ், "எம் பொண்டாட்டி மாதிரி ஒருத்தி உண்டாடா?" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திவிட்டு வாசலில் விழுந்தான். இன்னாசியம்மாளால் தனியாக இழுக்க முடியவில்லை. ஆரோக்கியம்மாள் வந்து கால்களைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள்.

ஆரோக்கியம்மாள் மூச்சு வாங்க நின்றாள்.

"அந்தக் கடைய நாம தொரத்தாம இருந்திருந்தா, எம் புருசனையும் இப்படித் தூக்கிப் போட்டுருக்கலாம்லக்கா?"