அருகு காயும்வரை

டிராக்டர் சத்தம் கேட்டபோது அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சாலையில் போகிற வண்டியின் சத்தம் இல்லை அது. பின்னால் மாட்டிய ரொட்டவேட்டரின் உழவுக் கத்திகள் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றும்போது மட்டும் வருகிற உறுமல். சோப்பு நுரையைப் புறங்கையால் வழித்துக்கொண்டே ஓடினாள்.

வயலின் மேற்கு ஓரத்தில் கொழுந்தன் ஒரு வரிசை ஓட்டி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தான். வரப்பிலிருந்து கையை ஆட்டினாள். பார்த்தும் பார்க்காதவன்போல அடுத்த வரிசைக்குள் வந்தான். அவள் இறங்கிப்போய் வண்டிக்கு எதிரே நின்ற பிறகுதான் நிறுத்தினான்.

"மருந்து அடிச்சு ஒரு வாரம்கூட ஆகல. யாரைக் கேட்டு ஓட்டுறே?"

"மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்னுதான் அண்ணி. அதான் புல்லு மஞ்சளாயிடுச்சே."

அவள் குனிந்து, பொடிந்து கிடந்த மண்ணைத் துழாவினாள். அருகம்புல்லின் வேர்த்தண்டு விரல்நீளத் துண்டுகளாகக் கையோடு வந்தது. ஒன்றை நகத்தால் கீறி அவன் பக்கம் நீட்டினாள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

"இலைதான் மஞ்சள். மருந்து இன்னும் வேருக்கே போய்ச் சேரல. அதுக்குள்ள ஒண்ணா இருந்ததை நூறாக்கிட்டே. ஒவ்வொரு கணுவும் முளைக்கும். போன வருஷம் பட்டது போதாதா?"

போன வருஷம் இரண்டு பேருமே சேர்ந்து செய்த தப்பு அது. களைக்கொல்லி அடித்த மறுநாளே உழுது, ஊரில் முதலில் விதைத்தவர்கள் நாம்தான் என்று மார்தட்டிக்கொண்டார்கள். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வருவதற்குள் அடியில் அருகு மெத்தைபோலப் படர்ந்துவிட்டது. இடுப்பு ஒடியக் களையெடுத்தும் கதிர்கள் கட்டைவிரல் தடிமனைத் தாண்டவில்லை. அதனால் இந்தமுறை அவள் பிடிவாதமாக இருந்தாள். புல் நன்றாகத் தழைக்கட்டும், தழைத்த இலையில் அடிப்போம், வேர்வரை காய்ந்த பிறகு உழுவோம் என்று சொன்னாள். அவனும் தலையாட்டினான். ஆனால் அன்றிலிருந்து அவன் உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. டிராக்டரில் ஏற்கனவே கிரீஸ் வைத்த இடத்திலேயே மறுபடி கிரீஸ் வைத்தான். சாப்பிடும்போது அவன் கால் ஆடுகிற ஆட்டத்தில் தண்ணீர்ச் செம்பு அதிர்ந்தது. விதைப்புப் படபடப்பு என்றுதான் நினைத்திருந்தாள்.

"அப்படி என்ன அவசரம் உனக்கு?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. கிரேன் ஓட்டணும். திங்கக்கிழமை சேரணும். விதைச்சுக் குடுத்துட்டுப் போயிட்டா உங்களுக்குச் சிரமம் இருக்காதுன்னு..."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"உங்ககிட்டச் சொல்லவே வாய் வரல. அவர்கிட்ட எங்க சொல்ல?"

கோபம் எங்கே இறங்குவது என்று தெரியாமல் அவளுக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. கணவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து இந்த வயல் கொழுந்தனின் தோளில்தான் கிடந்தது. அவனுக்கென்று ஓர் ஆசை இருக்குமா என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் கதவு இருப்பதுபோல அவனும் இருந்தான். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவான். அது தெரிந்ததால் அந்த வார்த்தையைச் சொல்லப் பயமாக இருந்தது.

"அண்ணன் தண்ணியில. தம்பி தண்ணிக்குப் பக்கத்துல. நான் ஒருத்திதான் மண்ணுல," என்றாள். பிறகு, "இறங்கு."

அவன் இறங்கினான். அவள் புடவையைச் செருகிக்கொண்டு இருக்கையில் ஏறினாள்.

"இதுல கிளட்ச் எது?"

கொட்டகைக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில் பழகினாள். முதல்முறை கிளட்சை விட்டதும் வண்டி முயல்மாதிரித் துள்ளி வேலியில் போய் முட்டி நின்றது. "வேலியை அப்புறம் உழுதுக்கலாம் அண்ணி," என்று அவன் சிரித்தான். பல நாளாகக் கேட்காத சிரிப்பு. அன்று பிற்பகல் முழுக்க, தான் உழுத இரண்டு வரிசைகளில் முட்டிபோட்டு, வெட்டுப்பட்ட வேர்த்துண்டுகளைப் பொறுக்கிக் கூடைகூடையாகப் பாறையில் கொண்டுபோய்க் காயவைத்தான். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனான். படியில் ஏறியபின் திரும்பி, "எப்போ ஓட்டணும்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்றான்.

"வேரை மடக்கினா முறியணும்."

அவன் விட்டுப்போன பதற்றம் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வரப்புக்குப் போனாள். வரப்பில் நிற்கும்போது அடுப்பு நினைவுக்கு வந்தது. பக்கத்து வயல்களில் விதைப்பு முடிந்துவிட்டது. கடந்து போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து அவளுடைய வயலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கப்பலிலிருந்து கணவன் கூப்பிட்டான்.

"எல்லாரும் விதைச்சாச்சாம். நீ என்ன பண்ணிட்டிருக்கே?"

"காத்துக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

அவள் வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அறுந்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, களைக்கொல்லி விற்ற கடைக்காரர் சொன்னதையெல்லாம் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மழை முந்திக்கொண்டால் டிராக்டர் இறங்க முடியாது. இந்தப் பருவமே போய்விடும். வேர் உயிரோடிருக்கும்போது உழுதாலும் பருவம் போய்விடும். தினமும் காலையில் நாலைந்து இடத்தில் தோண்டி வேரை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. மறுநாளும் மடங்கியது. கடைக்காரர் பேச்சைக் கேட்டதுதான் தப்போ என்றுகூடத் தோன்றிவிட்டது.

கிழக்கு கறுத்துக் கிடந்த ஒரு காலையில் பழுப்பேறிய தண்டு ஒன்று பட்டென்று முறிந்தது. இன்னொன்றைத் தோண்டினாள். அதுவும் முறிந்தது. வயலின் நடுவிலும் மூலைகளிலும் பார்த்தாள். பிறகு கொட்டகைக்கு ஓடினாள்.

அவள் போட்ட வரிசைகள் கோணல்மாணலாக இருந்தன. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கத்தான் நேரமில்லை. பாதி வயல் முடிந்திருந்தபோது, திருப்பத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

திடீரென்று அவ்வளவு அமைதி. புரண்ட மண்ணின் வாசம் குப்பென்று வந்தது. ஒரு மழைத்துளி சூடான பானெட்டில் விழுந்து ஆவியாகிப் போனது. பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது. அவள் கிளட்சை மிதித்துக்கொண்டு, சாவிக்குக் கை நீட்டினாள்.