வானத்துக்கு நாறாது

மத்தியானச் சோற்றுக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும் அந்தத் தெருவில். சாத்தியும் பயனில்லை. ஊருணி நாற்றம் தட்டுவரை வந்துவிட்டது. அய்யப்பன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினான்.

"இந்தக் கருமத்தப் போயி ஒங்க ஆபீசுல பசுமைப் பகுதின்னு போட்டிருக்கீங்களாமே?"

"நான் சாக்கடைன்னுதான் போட்டேன். சார் மாத்திட்டாரு," என்றாள் அவன் மனைவி புவனேஸ்வரி, மகளின் கால் சிரங்குக்கு மருந்து தடவிக்கொண்டே.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் அவளுக்கு வேலை. பழைய செயற்கைக்கோள் படத்தையும் புதியதையும் ஒப்பிட்டு, நகராட்சிக்காக நகரத்தில் எங்கே பச்சை கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். பழைய படத்தில் அவள் தெரு ஊருணி தண்ணீராகக் கிடந்தது. மேலத்தெருக் குளத்தில் கால் நனைக்கக் கூடாது என்று விரட்டப்பட்டவர்கள் தாங்களே வெட்டிய ஊருணி அது. அதையும் விட்டுவைத்தார்களா? மேலத்தெரு தன் கக்கூஸ் குழாய்களையெல்லாம் அதற்குள் திருப்பிவிட்டது. "அங்கிட்டுத்தானே போகுது" என்று ஒரே பேச்சில் விவகாரம் முடிந்தது. பீயைத் தின்று கொழுத்த ஆகாயத்தாமரை கரையோடு கரை மூடிக்கொண்டது. புதிய படத்தில் நகரத்திலேயே அந்த இடம்தான் பச்சைப்பசேல்.

"சேட்டிலைட்டுக்கு மூக்கு கெடையாதும்மா. பச்சைன்னா பச்சைதான்," என்றார் மேலாளர் கோபிநாத். அவர் வீடு மேலத்தெருவில்.

அந்தப் பச்சையைக் காட்டியே, சாக்கடையை நிறுத்தச் சொன்ன தெருவின் மனு நகராட்சியில் தள்ளப்பட்டது. பசுமை செழித்த இடத்தில் கை வைக்கக் கூடாதாம்.

பொறுத்துப் பார்த்த தெருக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பளவு மலத்தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். முதலில் இறங்கியவன் அய்யப்பன். செடிகளை வாரிக் கரையில் குவித்துவிட்டு, குழாய் வாய்களைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார்கள்.

அடுத்த படம் வந்தது. ஊருணி இருந்த இடத்தில் பச்சையைக் காணோம். கோபிநாத் அவளைக் கூப்பிட்டார்.

"பசுமைய அழிச்சிருக்காங்க. கேஸ் குடுக்கணுமாம். யாருன்னு பேரச் சொல்லும்மா. ஒந்தெருதானே, ஒனக்குத் தெரியாததா?"

அவள் வாய் திறக்குமுன் அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. போன குழாய் வழியாகவே எல்லாம் திரும்பிக் கூடம்வரை வந்து நிற்கிறதாம்.

போனை வைத்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பேரு விசயம் அப்பறம் பாத்துக்கலாம். ஒங்க தெரு ஆளுக ரெண்டு பேர வீட்டுக்கு வரச் சொல்லேம்மா, அள்ளிப் போடணும்."

கேஸ் போடவும் அவர்கள்தான் வேண்டும், அள்ளவும் அவர்கள்தான் வேண்டும். புவனேஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அள்ள வேணாம் சார். அப்படியே விட்டுவைங்க. கொஞ்ச நாள்ல பச்சையாயிரும்."